குடத்தைக் கொஞ்சம் கீழே வையுங்கள்!

ராயபுரம் கல்மண்டபத்தில் விடிந்துவிட்டால் ஓய்வு ஏது? தண்ணீர்க் குடம், காசிமேட்டு மீன்கூடை, கடைவீதிப் பை என்று எதையாவது சுமக்காத பெண்மணி அங்கே அபூர்வம். கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவளும் பத்தாம் நாளே குடத்தைத் தூக்கிவிடுகிறாள். "தையல்தான் பிரிச்சாச்சே, இனிமே என்ன?" என்கிறாள்.

அங்கேதான் ஆபத்து, சகோதரிகளே! வெளித்தையல் ஆறுவது வேறு, உட்காயம் ஆறுவது வேறு. வயிற்றைக் கீறாமல் கீழ்வழியாகச் செய்த ஆபரேஷனுக்கும் இது பொருந்தும்.

நமது இடுப்பெலும்பின் அடியில் ஒரு தசை, தூளியைப் போல் விரிந்திருக்கிறது. மூத்திரப்பையையும் மலக்குடலையும் தாங்குவது அதுதான். 15 லிட்டர் குடம் என்றால் 15 கிலோவுக்கும் மேல். அதைத் தூக்கும்போது வயிற்றில் எழும் அழுத்தம் முழுவதும் அந்தத் தூளியின் மேல் இறங்குகிறது. அது தளர்ந்தால் இருமினாலும் சிரித்தாலும் சிறுநீர் கசியும். நாளடைவில் உள்ளுறுப்புகள் கீழே இறங்கவும் கூடும்.

இது யாரோ ஒருவர் கதையல்ல. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்குச் சுமார் 3 பேர் கர்ப்பப்பையை இழந்தவர்கள்.

சரி, என்ன செய்யலாம்? ஆறு வாரம் பளு தூக்காதீர்கள். அதற்காகப் படுத்தே கிடக்கவும் வேண்டாம். வீட்டுக்குள் மெல்ல நடங்கள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். கீரையும் பழமும் தண்ணீரும் தாராளமாகச் சேருங்கள். முக்கி மலம் கழிப்பதும் குடம் தூக்குவது போலத்தான்!

டாக்டர் அனுமதித்தபின் ஒரு பயிற்சி. அமெரிக்க டாக்டர் ஆர்னால்டு கெகல் 1948இல் எழுதி வெளியிட்டது. சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல் அடித்தசையை உள்ளிழுத்து ஐந்து எண்ணுங்கள். பிறகு தளர்த்தி ஐந்து எண்ணுங்கள். மூச்சைப் பிடிக்கக் கூடாது. வேளைக்குப் பத்து முறை, தினம் மூன்று வேளை. சிறுநீர் கழிக்கும்போது செய்யாதீர்கள். பலன் தெரிய மூன்று மாதம் ஆகலாம், பொறுமை வேண்டும்.

காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, அதிக இரத்தப்போக்கு, கெண்டைக்கால் வீக்கம், சிறுநீர் அடைப்பு, அல்லது ஓயாமல் சொட்டும் சிறுநீர் - இவற்றில் எது கண்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கல்மண்டபத்தாருக்கு ராஜா சர் ராமசாமி முதலியார் பெயர் தாங்கிய அரசு மகப்பேறு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. நர்ஸிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். இப்படிக் கேட்பவர்களை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. இந்தப் பக்கத்தை உங்கள் வீட்டுக்காரரிடமும் பிள்ளைகளிடமும் காட்டுங்கள். ஆறு வாரம் குடம் அவர்கள் தோளில் ஏறட்டுமே!