கவுன்சலிங் படிக்கப் பணம் கட்டுமுன்

பட்டமளிப்பு முடிந்த கையோடு வாசலில் பெயர்ப்பலகை மாட்டிவிடலாம் என்ற நினைப்பில்தான் பலர் முதுகலை உளவியலில் சேர்கிறார்கள். கல்லூரி விளம்பரங்களும் அந்த நினைப்புக்குத் தூபம் போடுகின்றன. எம்.எஸ்சி. கவுன்சலிங் சைக்காலஜி முடித்தவர் கவுன்சலர் ஆகலாம். அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போட்டுக்கொள்ள முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் (ஆர்.சி.ஐ.) அங்கீகரித்த படிப்பை, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் முடித்து, அதன் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 1992-ம் ஆண்டுச் சட்டம். (ஆயிரம் ரூபாய்! இன்று ஒரு அமர்வுக்கே அதைவிட அதிகம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.) அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் ஆர்.சி.ஐ. இணையதளத்திலேயே இருக்கிறது. கல்லூரி அலுவலகத்தில் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பாமல் அதைப் பாருங்கள்.

மற்ற உளவியலாளர்களையும் கவுன்சலர்களையும் 2021-ல் வந்த தேசிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. அதன் நேரடி விளைவு அஞ்சல்வழிப் படிப்பில் தெரிந்தது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தொலைநிலையிலும் ஆன்லைனிலும் உளவியல் படிப்புக்குப் புதிய மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் யாராவது "வீட்டிலிருந்தே எம்.எஸ்சி. சைக்காலஜி" என்று கூவினால், எந்த அனுமதியின் பேரில் என்று எழுத்தில் கேளுங்கள்.

சட்டம் இவ்வளவு கறாராக இருப்பது ஏன் என்பது களப்பயிற்சிக்குப் போனால் புரியும். சமூக உளவியலும் கவுன்சலிங்கும் சேர்ந்த படிப்பில் மாணவர்களை அரசுப் பள்ளிக்கோ, மகளிர் குழுக்களுக்கோ, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அனுப்புவார்கள். ஒரு பள்ளியை வைத்துக்கொள்வோம். ஆய்வுக்கூடத்தின் ஓரத்தில் இரண்டு நாற்காலி. பயிற்சி மாணவியின் கையில் வருகைப்பதிவேடு. எட்டாம் வகுப்புச் சிறுமி, வீட்டில் உறவினர் ஒருவர் தன்னிடம் தவறாக நடந்துகொள்வதைச் சொல்லிவிட்டு, "அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்கிறாள். கேட்டதை வெளியே விடக் கூடாது என்றுதான் வகுப்பில் படித்திருக்கிறார் அந்த மாணவி. ஆனால் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறைக்கோ சிறார் சிறப்புப் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. தலைமையாசிரியரிடம் சொன்னதோடு அந்தக் கடமை தீர்ந்துவிடாது. முதல் சந்திப்பிலேயே "உன் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் மட்டும் நான் பிறரிடம் சொல்ல வேண்டிவரும்" என்று சிறுமியிடம் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்கவும், அன்று மாலை போனை எடுத்துப் பேசவும் ஒரு மேற்பார்வையாளர் இல்லையென்றால் அந்தப் பயிற்சி சிறுமிக்கும் ஆபத்து, மாணவிக்கும் ஆபத்து.

அதனால் என்னைக் கேட்டால், கட்டடத்தையும் 'பிளேஸ்மென்ட்' பேச்சையும் விட்டுவிட்டு மேற்பார்வையை விசாரியுங்கள் என்பேன். களத்தில் மேற்பார்வை செய்பவர் யார், அவருடைய தகுதி என்ன, ஒருவருக்கு எத்தனை மாணவர்கள், வாரம் ஒருமுறையாவது உட்கார்ந்து பேசுவாரா, பயிற்சி இடத்தோடு எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருக்கிறதா? 'இன்டர்ன்ஷிப்பை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற பதில் வந்தால் வேறு கல்லூரி தேடுவதே நல்லது. இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் அவர்களுடைய லாக் புக்கைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். எல்லாப் பக்கத்திலும் ஒரே நாளில் போட்ட கையெழுத்து இருந்தால் விஷயம் விளங்கிவிடும். பிறர் துயரத்தைத் தினமும் கேட்டுத் தூக்கம் கெடும் பயிற்சி மாணவர்களும் உண்டு. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அவர்களும் தயங்காமல் அழைக்கலாம், கட்டணம் இல்லை.

சேர்ந்த பிறகுதான் ஏமாற்றம் தெரிகிறதா? யுஜிசியின் 2018 அறிவிக்கைப்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால், சிறு கையாளும் கட்டணம் போக முழுத்தொகையும் திரும்ப வர வேண்டும். கடைசி நாள் தாண்டி 15 நாளுக்குள் 80 சதவீதம், 30 நாளுக்குள் 50 சதவீதம், அதற்குப் பின் ஒன்றும் கிடையாது. மாணவருக்கு இன்னும் சாதகமான தேதிகளை யுஜிசி சில ஆண்டுகளில் தனியே அறிவித்ததும் உண்டு. அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கல்லூரிக்கு உரிமையே இல்லை. மேற்பார்வையே தராதது, சொன்ன பயிற்சியைத் தராதது போன்ற புகார்களை முதலில் கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள். 2023 விதிகளின்படி அது 15 வேலைநாளில் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைகேள் அதிகாரியான ஆம்பட்ஸ்பர்சனிடம் மேல்முறையீடு செய்யலாம். யுஜிசியின் இ-சமாதான் தளத்திலும் புகார் பதியலாம்.

எந்தப் பல்கலைக்கழகத்தோடும் ஒட்டுறவில்லாத 'அகாடமி' டிப்ளமோக்களுக்கு இந்த வழி எதுவும் உதவாது. அங்கே பணம் கட்டிச் சிக்கியவர்கள், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ரசீது, வாட்ஸ்அப்பில் தந்த வாக்குறுதி எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துத் தொடங்கலாம்.