கத்ரீனா சூறாவளியும் தொலைதூரத் தன்னார்வ உதவியும்

கத்ரீனா சூறாவளித் தன்னார்வ உதவி என்பது, 2005 ஆம் ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவின் மெக்சிக்கோ வளைகுடாக் கரையோரத்தைத் தாக்கிய கத்ரீனா சூறாவளியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு, அப்பகுதிக்கு வெளியே வாழ்ந்த பொதுமக்கள் தாமாக முன்வந்து செய்த உதவிகளைக் குறிக்கும். பணம், பொருள், தங்குமிடம் ஆகியவற்றை வழங்கியதோடு, காணாமற்போனோர் பற்றிய தகவல்களை இணையத்தின் வழியே திரட்டித் தொகுத்தமை இவ்வுதவியின் சிறப்பான கூறாகும். பேரிடர் நடந்த இடத்துக்குச் செல்லாமலே பயனுள்ள பணி ஆற்ற முடியும் என்பதையும், ஒருங்கிணைப்பு இல்லாத உதவி சுமையாகவும் மாறக்கூடும் என்பதையும் இந்நிகழ்வு ஒருங்கே காட்டியது.

பின்னணி

கத்ரீனா சூறாவளி ஆகஸ்ட் 25, 2005 அன்று புளோரிடாவின் தென்பகுதியைக் கடந்தது. பின்னர் மெக்சிக்கோ வளைகுடாவின் வெப்பமான நீர்ப்பரப்பில் பெரிதும் வலுப்பெற்று, ஆகஸ்ட் 29 அன்று காலை லூசியானா மாநிலத்தின் பியூராஸ் என்னும் ஊருக்கு அருகே கரையைக் கடந்தது. மிசிசிப்பி மாநிலக் கரையோரத்தில் கடல் பொங்கி ஊர்களுக்குள் புகுந்தது. நியூ ஓர்லியன்ஸ் நகரைக் காத்து நின்ற வெள்ளத் தடுப்புக் கரைகளும் சுவர்களும் பல இடங்களில் உடைந்தன. இதனால் அந்நகரின் ஏறத்தாழ 80 விழுக்காடு பகுதி நீரில் மூழ்கியது.

இறந்தோர் எண்ணிக்கை நீண்ட காலமாக 1,833 எனக் குறிப்பிடப்பட்டு வந்தது. ஐக்கிய அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையம் 2023 ஆம் ஆண்டில் இதனை 1,392 எனத் திருத்தியது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தம் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. மீட்கப்பட்டவர்கள் பேருந்துகளிலும் வானூர்திகளிலும் வெவ்வேறு மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஒரே குடும்பத்தினர் வெவ்வேறு ஊர்திகளில் ஏற்றப்பட்டு, ஒருவர் இருக்குமிடம் மற்றவருக்குத் தெரியாமற் போன நிலைமை பரவலாகக் காணப்பட்டது.

தகவல் தொடர்பு முறிவும் இடைநிலை உதவியும்

மின்சாரமும் தொலைபேசி இணைப்புகளும் அற்றுப்போனதால், நகருக்குள் சிக்கியவர்கள் உள்ளூர் அவசர உதவி எண்ணை அடைய முடியவில்லை. ஆனால் சில வேளைகளில் தொலைதூர மாநிலங்களில் இருந்த உறவினர்களுக்குச் செல்பேசி அழைப்போ குறுஞ்செய்தியோ சென்றடைந்தது. அவ்வுறவினர்கள் சிக்கியோரின் முகவரியையும் நிலையையும் மீட்புக் குழுவினருக்குத் தெரிவிக்க முயன்றனர். வெள்ளம் காரணமாக அச்சிட முடியாது போன நியூ ஓர்லியன்ஸ் நாளிதழான 'தி டைம்ஸ்-பிக்காயூன்' சில நாட்கள் இணையத்தில் மட்டும் வெளியானது. அதனோடு இணைந்த இணையத்தளத்தில் இத்தகைய மீட்புக் கோரிக்கைகள் பெருமளவில் இடம்பெற்றன.

தனியார் வானொலித் தொடர்பாளர்களான ஹாம் வானொலி ஆர்வலர்களின் பங்கும் குறிப்பிடத்தக்கது. நியூ ஓர்லியன்சில் வெள்ளத்தில் சிக்கிய ஒருவர் பற்றிய செய்தி ஓக்லஹோமா மாநிலத்தில் இருந்த உறவினரைச் சென்றடைந்தது. அச்செய்தி அங்குள்ள செஞ்சிலுவைச் சங்கத்துக்குச் சென்றது. அங்கிருந்த ஹாம் ஆர்வலர் ஒருவர் ஓரிகன், யூட்டா மாநிலங்களில் இருந்த ஆர்வலர்களின் வழியாக அதனை லூசியானாவுக்குச் சேர்த்தார். முடிவில் 15 பேர் மீட்கப்பட்டனர். அண்டை வீதிக்குச் செல்ல வேண்டிய ஒரு செய்தி, நாட்டின் மறு கோடி வரை சென்று திரும்பியே உரியவரை அடைந்தது என்பது அன்றைய நிலைமையை விளக்கும்.

காணாமற்போனோர் தேடல் திட்டம்

சூறாவளி கடந்த சில நாட்களுக்குள், செய்தி நிறுவனங்கள், தொண்டு அமைப்புகள், தனியார் எனப் பலரும் காணாமற்போனோர் பட்டியல்களை இணையத்தில் தொடங்கினர். நோக்கம் நல்லதாயினும் இதிலிருந்து ஒரு சிக்கல் எழுந்தது. ஒரு தாய் தன் மகனை ஒரு பட்டியலில் தேட, அம்மகன் தான் நலமாக இருப்பதாக வேறொரு பட்டியலில் பதிந்திருக்கலாம். பட்டியல்கள் பெருகப் பெருக, ஒருவர் தேட வேண்டிய இடங்களும் பெருகின. மேலும், பெரும்பாலான பதிவுகள் ஒழுங்கான புலங்கள் எதுவுமின்றி உரைநடையில் எழுதப்பட்டிருந்ததால், கணினியால் அவற்றைப் பிரித்தறிந்து தேட இயலவில்லை.

இதற்குத் தீர்வாக, 2005 செப்டம்பர் தொடக்கத்தில் 'கத்ரீனா பீப்பிள் ஃபைண்டர்' என்னும் தன்னார்வத் திட்டம் உருவானது. சிதறிக் கிடந்த பதிவுகள் சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. தன்னார்வலர் ஒவ்வொருவரும் ஒரு பகுதியைத் தமது பொறுப்பில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பதிவையும் படித்து, பெயர், ஊர், கடைசியாகக் காணப்பட்ட இடம் முதலிய விவரங்களை ஒரு பொதுப் படிவத்தில் தட்டச்சு செய்தனர். இப்பணிக்குச் சிறப்புப் பயிற்சி தேவைப்படவில்லை. இணைய இணைப்பும் ஓய்வு நேரமும் போதுமானவையாக இருந்தன. ஆயிரக்கணக்கானோர் தத்தம் வீடுகளில் இருந்தபடியே இதில் பங்கேற்றனர். திரட்டப்பட்ட பதிவுகளின் எண்ணிக்கை ஆறு இலட்சத்தைத் தாண்டியது.

வெவ்வேறு தரவுத்தளங்கள் தம்மிடையே பதிவுகளைப் பரிமாறிக்கொள்வதற்காக, பி.எஃப்.ஐ.எஃப் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் பொது வடிவம் ஒன்று வகுக்கப்பட்டது. இதன் முதற் பதிப்பு செப்டம்பர் 4, 2005 அன்று வெளியானது. எக்ஸ்எம்எல் அடிப்படையிலான இவ்வடிவத்தில் இருவகைப் பதிவுகள் உள்ளன. முதல்வகை ஒரு நபரை அடையாளம் காட்டுகின்றது. இரண்டாம்வகை அந்நபரைப் பற்றிப் பிறர் அளிக்கும் குறிப்புகளைத் தாங்குகின்றது. "இன்று ஹியூஸ்டனில் பார்த்தேன்" என்பது போன்ற செய்திகள் இரண்டாம்வகையில் அடங்கும். ஒவ்வொரு பதிவின் அடையாள எண்ணிலும் அது முதலில் எந்தத் தரவுத்தளத்தில் பதியப்பட்டது என்பதும் சேர்ந்திருக்கும். எனவே ஒரு பதிவு எத்தனை இடங்களுக்குப் படியெடுக்கப்பட்டாலும் அதன் மூலத்தை அறிந்துகொள்ள முடியும்.

பிரிந்த சிறுவர்களைப் பொறுத்தவரை, காணாமற்போன, சுரண்டப்பட்ட சிறுவர்களுக்கான தேசிய மையம் இப்பணியில் ஈடுபட்டது. கத்ரீனாவையும், அதனைத் தொடர்ந்து செப்டம்பரில் வந்த ரீட்டா சூறாவளியையும் அடுத்து, 5,192 சிறுவர்கள் குடும்பத்தைப் பிரிந்ததாக அம்மையத்திடம் பதிவாயிற்று. அனைவரது நிலையும் கண்டறியப்பட்டது. கடைசிச் சிறுவர் தம் குடும்பத்துடன் சேர்ந்தது 2006 மார்ச் மாதத்திலாகும்.

தங்குமிடம் வழங்கல்

டெக்சாஸ் மாநிலத்தின் ஹியூஸ்டன் நகரில் உள்ள ஆஸ்ட்ரோடோம் விளையாட்டரங்கம் முதலிய பொது இடங்களில் பல்லாயிரம் பேர் தங்கவைக்கப்பட்டனர். இது தற்காலிக ஏற்பாடாகவே இருந்தது. இந்நிலையில், நாட்டின் பல பகுதிகளில் இருந்த குடும்பங்கள் தம் வீடுகளில் அறைகளை இலவசமாக வழங்க முன்வந்தன. வழங்குவோரையும் வேண்டுவோரையும் இணைக்கும் இணையப் பட்டியல்கள் விரைவில் உருவாயின.

செப்டம்பர் 23, 2005 அன்று சட்டமான கத்ரீனா அவசர வரிச் சலுகைச் சட்டம் இத்தகைய விருந்தோம்பலை ஊக்குவித்தது. இடம்பெயர்ந்த ஒருவரைக் குறைந்தது 60 நாட்கள் கட்டணமின்றித் தம் வீட்டில் தங்கவைத்தவர், தமது வருமானத்தில் 500 டாலர் வரை கூடுதல் வரிவிலக்குப் பெறலாம். நான்கு பேருக்கு மேற்படாமல், அதாவது 2,000 டாலர் வரை, இவ்விலக்கு அனுமதிக்கப்பட்டது.

பண உதவியும் பொருளுதவியும்

அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு மட்டும் 200 கோடி டாலருக்கும் மேற்பட்ட நன்கொடை கிடைத்தது. வெளிநாடுகளும் உதவின. அதற்கு முந்தைய ஆண்டு திசம்பரில் ஆழிப்பேரலையால் பேரிழப்புக்கு உள்ளான இலங்கை 25,000 டாலரும், இந்தியா 50 இலட்சம் டாலரும் அச்சங்கத்துக்கு வழங்கின. இந்திய வான்படையின் வானூர்தி ஒன்று நிவாரணப் பொருட்களை ஆர்கன்சா மாநிலத்துக்குக் கொண்டு சென்றது.

பேரிடர்க் காலங்களில் பொருளை விடப் பணத்தையே தொண்டு அமைப்புகள் விரும்பிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பழைய உடைகளும் கலந்து கட்டப்பட்ட பொதிகளும் வந்து சேரும்போது, அவற்றை இறக்கவும் பிரிக்கவும் சேமிக்கவும் ஆட்களும் கிடங்குகளும் தேவைப்படுகின்றன. அதே ஆட்கள் அப்போது உணவும் மருந்தும் வழங்க வேண்டியவர்களாக உள்ளனர். இதனால் கேளாமல் வந்து குவியும் பொருட்களை நிவாரணப் பணியாளர்கள் 'இரண்டாம் பேரிடர்' என்று அழைப்பது வழக்கம். பணமாயின் தேவைப்படும் பொருளைத் தேவைப்படும் நேரத்தில் அருகிலேயே வாங்கிக்கொள்ளலாம். அப்பகுதி வணிகர்களும் மீண்டெழ அது துணைபுரியும்.

சிக்கல்கள்

மக்களின் இரக்கத்தைப் பயன்படுத்தி மோசடி செய்தவர்களும் இருந்தனர். நன்கொடை திரட்டுவதாகக் கூறிக்கொண்ட போலி இணையத்தளங்கள் பல தோன்றின. இவற்றை விசாரிக்க ஐக்கிய அமெரிக்க நீதித்துறை 2005 செப்டம்பரில் தனிப் பணிக்குழு ஒன்றை அமைத்தது.

தனிமனித மறைவுரிமையும் கேள்விக்குள்ளானது. ஒருவர் எங்கே தங்கியுள்ளார் என்ற தகவல் அவரது குடும்பத்துக்கு உதவும். அதே தகவல் அவருக்குத் தீங்கு செய்ய நினைப்பவருக்கும் கிடைத்துவிடலாம். பி.எஃப்.ஐ.எஃப் வடிவத்தின் பிற்காலப் பதிப்பில், ஒரு பதிவு எந்நாளில் நீக்கப்பட வேண்டும் என்பதைக் குறிக்கும் புலம் சேர்க்கப்பட்டது இதன் பொருட்டேயாகும்.

முன்னோடியும் பின்விளைவும்

கத்ரீனாவுக்கு எட்டு மாதங்களுக்கு முன், திசம்பர் 26, 2004 ஆழிப்பேரலையின் போது, இந்தியாவிலும் பிற நாடுகளிலும் இருந்த தன்னார்வலர்கள் உதவித் தகவல்களைத் தொகுக்கும் வலைப்பதிவு ஒன்றை நடத்தினர். தமிழ்நாடு, இலங்கை உள்ளிட்ட பகுதிகளின் தேவைகள் அதில் இடம்பெற்றன. அப்பணியில் அனுபவம் பெற்ற சிலர் கத்ரீனாவின் போதும் அதே முறையில் தகவல் தொகுப்பில் ஈடுபட்டனர்.

2010 சனவரியில் எயிட்டி நாட்டில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, கூகிள் நிறுவனம் தொடங்கிய ஆள்தேடல் சேவை பி.எஃப்.ஐ.எஃப் வடிவத்தையே பயன்படுத்தியது. 2013 நவம்பரில் பிலிப்பைன்சைத் தாக்கிய ஹையான் சூறாவளியின் போது, உலகின் பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த நிலப்படத்தில் சாலைகளையும் கட்டடங்களையும் வரைந்தளித்தனர். ஒரு பெரிய பணியைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, யாவரும் செய்யத்தக்கதாக ஆக்கி, முடிவைப் பொதுவான ஓரிடத்தில் சேர்ப்பது என்னும் கத்ரீனாக் கால முறையே இவற்றிலும் பின்பற்றப்பட்டது.