புத்தாண்டுப் பந்தியில் புதிய உணவு

சித்திரைப் புத்தாண்டில் மருத்துநீர் தேய்த்து நீராடிக் கோவில் வழிபட்டபின், குடும்பத்தார் யாவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பது நம்மவர் வழக்கம். இன்றோ பல இல்லங்களில் அப்பந்தியில் ஓர் இலை விலகி நிற்கின்றது. நீரிழிவுற்ற பாட்டனாருக்கு வேறாகச் சமைத்து வேறாக இடுகின்றோம். அவருக்கு ஏற்றதையே எல்லோருக்கும் விருந்தாக்கினால் என்ன?

வெள்ளையரிசிக்குப் பதிலாகத் தவிடு நீக்காத சிவப்பரிசியை ஆக்கலாம். அதிலுள்ள நார்ப்பொருள், மாப்பொருள் சர்க்கரையாக மாறும் விரைவைத் தணிக்கும். எனினும் அளவு மிகின் அதுவும் கேடே. ஆதலால், இலையிற் பாதியைக் காய்கறிக்கு ஒதுக்குக. பிஞ்சுப் பலாக்காய்க் கறி, முருங்கையிலை வறை, வாழைப்பூ வறை, முளைவிட்ட பயற்றங்கறி, முதற்பால் குறைத்த சொதி ஆகியன போதும். சித்திரையிற் கிடைக்கும் மாங்காயோடு வறுத்த வேப்பம்பூவும் தயிரும் சேர்த்து, இனிப்பின்றிப் பச்சடி செய்க.

பாயசத்திற் பனங்கட்டி இட்டால் தீங்கில்லை என்பர் சிலர். பனங்கட்டியும் சர்க்கரையே. சவ்வரிசியை நீக்கிப் பயற்றை மிகுத்து, இனிப்பைப் பாதியாக்கி, ஏலமும் வறுத்த தேங்காய்ச் சொட்டும் இட்டுச் சிறு கிண்ணத்தில் வழங்குக. அன்று பாயசம் உண்பவர், சோற்றில் ஓர் அகப்பை குறைத்துக்கொள்வது நன்று.

இன்னுமொன்று. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரைச் சுபநேரம் வரும்வரை பசித்திருக்க விடலாகாது. இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் நேரலாம். சுபநேரம் பிந்துமாயின், அவருக்குரிய வேளையில் முதலில் உணவளியுங்கள். பின்னர் பந்தியில் அவருக்கும் ஓர் இலை இடுங்கள். அதில் எல்லோருக்கும் பரிமாறும் கறிகளையே சிறிதளவு பரிமாறுங்கள்.