பாரம் எச் கையில் வந்ததா?

கோப்பெங் பக்கம் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களிடம் ஒரு விசித்திரமான வழக்கம். தரைக்கு ஓடு, அடுப்படிக்குக் கேபினட், வாசலுக்கு ஆட்டோகேட் என்று தாராளமாகப் பணம் ஒதுக்குவார்கள். வயரிங் என்று வந்தால் மட்டும், “தெரிந்த பையன் ஒருத்தன் இருக்கிறான், மலிவாகச் செய்து கொடுப்பான்” என்பார்கள். பையன் வந்து பழைய மெயின் பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டுப் போவான். கூரைக்கு மேலே மரச்சட்டத்தில் ஓடும் பழைய வயர் அங்கேயே கிடக்கும். வீட்டுக்காரர் நிம்மதியாக ஏர்கோன் வாங்கி மாட்டுவார்.

ஈயச் சுரங்கங்களை நம்பி 1930இலேயே செண்டரோ அணையில் மின்சாரம் எடுத்த பேரா மாநிலம் இது. இங்கே பழைய பலகை வீடுகளிலும் கடைவீடுகளிலும் ரப்பர் உறை போட்ட வயர் இன்னும் இருக்கலாம். அந்த ரப்பர் சூட்டில் காய்ந்து, தொட்டால் உதிரும். நாலு விளக்குக்கும் ஒரு காற்றாடிக்கும் போட்ட வயர் அது. பீங்கான் பியூஸ், மண்ணிணைப்பு இல்லாத இரண்டு துளை சாக்கெட், கை வைத்தால் சுடும் சுவிட்ச் இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் வயரிங்கைச் சோதிக்க ஆளைக் கூப்பிடுங்கள். பியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைப்பது தீயை விருந்துக்கு அழைப்பதுதான்.

பழைய வயரிங்கை மாற்றச் செலவு பல ஆயிரம் ரிங்கிட் ஆகும், மறைக்கவில்லை. கணக்குப் பெரும்பாலும் ‘பாயிண்ட்’டுக்கு இவ்வளவு என்றுதான் வரும். விளக்கு, சாக்கெட், ஏர்கோன், ஹீட்டர் ஒவ்வொன்றும் தனித்தனி விலை. சுவரை வெட்டி உள்ளே பதித்தால் பூச்சு வேலையும் பெயிண்டும் சேர்ந்து விலை ஏறும். வெளியே பிளாஸ்டிக் குழாயில் ஓட்டினால் குறையும். அழகு குறையும், பாதுகாப்பு குறையாது. மூன்று பேரிடம் எழுத்தில் விலை வாங்குங்கள். அதில் வயரின் தடிமனும் பிரேக்கரின் பிராண்டும் எழுதியிருக்க வேண்டும். “எல்லாம் சேர்த்து இவ்வளவு” என்று ஒற்றை வரியில் கொடுப்பவரை அனுப்பிவிடுங்கள். கையில் பணம் போதாவிட்டால் ஹீட்டர், ஏர்கோன், அடுப்படி லைன்களையும் மண்ணிணைப்பையும் முதலில் மாற்றி, விளக்கு லைன்களை அடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இனிச் சொல்வதைத்தான் பலர் காதில் போட்டுக்கொள்வதில்லை. இந்த வேலையைச் செய்பவர் சுருஹான்ஜாயா தெனாகா எனப்படும் எரிசக்தி ஆணையத்தில் பதிந்த மின் குத்தகையாளராக இருக்க வேண்டும். அவருடைய பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஆணையத்தின் இலவச எண் 1-800-2222-78க்கு அழையுங்கள். லைசென்ஸ் இல்லாதவர்கள் மின்கம்பத்தில் கைப்பேசி எண்ணோடு அட்டை தொங்கவிடுகிறார்கள். அதிகாரிகளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் போகிறார்கள். அவர்கள் பிடிக்கட்டும் என்று காத்திருந்தால் உங்கள் வீட்டுக்கு உதவாது.

வேலை முடிந்ததும் இரண்டு தாள் வர வேண்டும். பாரம் ஜி என்பது தகுதி பெற்ற வயர்மேன் மேற்பார்த்து வேலையை முடித்ததற்கான சான்று. பாரம் எச் என்பது சோதனைச் சான்று. வயர் உறையின் தாங்குதிறனும் மண்ணிணைப்பும் கருவி வைத்துச் சோதிக்கப்பட்டதைச் சொல்வது. இரண்டிலும் வயர்மேனின் பெயரும் பதிவு எண்ணும் கையொப்பமும் இருக்க வேண்டும். கடைசித் தவணையை நிறுத்தி வையுங்கள். பாரம் எச் கைக்கு வராமல் அதைக் கொடுக்காதீர்கள்.

மீட்டருக்கு வெளியே தெனாகா நேஷனலின் பொறுப்பு, மீட்டரிலிருந்து வீட்டுக்குள் உங்கள் பொறுப்பு. மீட்டரின் முத்திரையை நீங்களோ வயர்மேனோ உடைக்கக் கூடாது. ஒருமுனை மின்சாரத்தை மும்முனையாக மாற்ற வேண்டுமானால் குத்தகையாளர் வழியாகத்தான் விண்ணப்பம் போக வேண்டும்.

மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி ஆர்சிசிபி. சாக்கெட்டுகளுக்கு 30 மில்லியம்பியர் ஆர்சிசிபி, குளியலறை ஹீட்டருக்குத் தனியாக 10 மில்லியம்பியர். இந்தப் பத்தை விலைக்காக விடாதீர்கள். ஈர உடம்போடு நிற்பவரைக் காப்பது அதுதான். மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். இடி மழையில் ஓயாமல் விழுகிறது என்று ஆர்சிசிபியைத் தாண்டி நேரே இணைத்துக்கொள்பவர்களை என்ன சொல்வது! விழுந்தால் காரணத்தைத் தேட வேண்டும், காவலாளியை வெளியேற்றக் கூடாது.

ஏமாந்துவிட்டால் வழி இருக்கிறது. மலேசியப் பயனீட்டாளர் கோரல் நடுவர் மன்றத்தில் பாரம் 1ஐ நிரப்பி 5 ரிங்கிட் கட்டினால் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். ஆனால் ரசீது, எழுத்தில் வாங்கிய விலை, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படம் இவை இல்லாமல் போய் நிற்காதீர்கள்.

தோட்ட வேலையில் இருந்துகொண்டு நிர்வாகம் கொடுத்த வீட்டில் குடியிருப்பவர்கள் சொந்தக் காசை இறைக்க வேண்டாம். 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டப்படி மின்சாரம் தருவதும் வீட்டைப் பழுது பார்ப்பதும் முதலாளியின் கடமை. நிர்வாகத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். அசையவில்லை என்றால் அந்த நகலோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள்.

இந்த வாரமே ஸ்டூல் போட்டு ஏறி உங்கள் மெயின் பெட்டியைப் பாருங்கள். எதையும் திறக்க வேண்டாம். வெளியிலிருந்து பார்த்தாலே போதும். ஆர்சிசிபி இல்லை என்றால் பதிவு பெற்ற குத்தகையாளரை நாளைக்கே அழையுங்கள். பாரம் எச் வாங்காமல் மட்டும் பணத்தை முழுதாகக் கொடுத்துவிடாதீர்கள்.