நெவார்க்கிலிருந்து கட்டுநாயக்காவுக்கு எத்தனை மணித்தியாலம்?

ஊரில் செத்தவீடு என்று தொலைபேசி வந்தால், அழுகைக்கு நடுவிலும் அங்கிருந்து வரும் கேள்வி ஒன்றுதான்: "எப்ப வந்து சேருவியள்? எப்ப எடுக்கலாம்?" பிரிட்ஜ்வாட்டரில் இருந்துகொண்டு அதற்குச் சரியான பதில் சொல்ல ஒரு சிறு கணக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

நெவார்க்கிலிருந்து கட்டுநாயக்காவுக்கு நேர்த் தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். சுவரில் தொங்கும் உலகப் படத்தை நம்பவேண்டாம். பிள்ளைகளின் பூகோள உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் ஐஸ்லாந்து, நோர்வே, ரஷ்யா என்று வடக்கே ஏறித்தான் இறங்கும். அதுவே குறுக்கு வழி.

அந்த வழியில் நேரடி விமானம் கிடையாது. தூரம் காரணமல்ல. நெவார்க்கிலிருந்து சிங்கப்பூருக்கு 15,300 கிலோமீற்றர்; 2004 இலேயே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அதை நிற்காமல் பறந்தது. 2013 இல் நிறுத்தி, 2018 இல் திரும்பவும் தொடங்கியது. விமானத்தால் முடியும், கொழும்புக்கு அத்தனை பயணிகள் இல்லை என்பதே என் எண்ணம்.

ஆகவே எங்கேயாவது மாறத்தான் வேண்டும். நியூயோர்க்–துபாய் 11,000, துபாய்–கொழும்பு 3,300. கூட்டிப் பாருங்கள், நேர்வழியைவிட 300 கிலோமீற்றர்தான் அதிகம்! பறக்கும் நேரம் 17 மணித்தியாலம் அளவில். ஆனால் டிக்கெட்டில் 22, 26, சிலவேளை 30 என்று இருக்கும். மிச்சமெல்லாம் கதிரையில் குந்தியிருக்கும் நேரம். மலிவான டிக்கெட் பெரும்பாலும் அந்த நேரத்தைத்தான் கூட்டும். சிங்கப்பூரால் போனாலோ தூரமே 4,000 கிலோமீற்றர் கூடும்.

டிக்கெட்டில் உள்ள மணி அந்தந்த ஊர் மணி. கோடையில் இலங்கை எங்களைவிட ஒன்பதரை மணித்தியாலம் முன்னே; குளிர்காலத்தில் பத்தரை. கோடையில் வெள்ளி இரவு 11 மணிக்கு ஏறி ஞாயிறு காலை 5 மணிக்கு இறங்கினால் 30 அல்ல, இருபதரை மணித்தியாலப் பயணம். திரும்பி வரும்போது மேற்கிலிருந்து வீசும் உயர்வானக் காற்று எதிர்ப்பதால் பறப்பு ஒரு மணித்தியாலமோ அதற்கு மேலோ நீளும்.

யாழ்ப்பாணம் போகிறவர்களுக்குக் கட்டுநாயக்கா பாதி வழிதான். வீதியால் இன்னும் ஏழு மணித்தியாலம் வேண்டும். பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமானது. கோவிட்டால் 2020 இல் நின்ற சென்னை விமானம் 2022 டிசம்பரில் திரும்பவும் வந்தது. பறப்பு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு டிக்கெட்டும் தனித்தனி என்றால், முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது காத்திராது. பெட்டியை எடுத்து மாற்ற இந்திய விசாவும் வேண்டிவரலாம். அவசரத்துக்கு நான் அந்த வழியைச் சொல்லமாட்டேன்.

இனிக் கூட்டுங்கள்: விமான நிலையத்துக்கு முக்கால் மணித்தியாலம், அங்கே மூன்று, பயணம் 22, வெளியே வர ஒன்றரை, வீதியில் ஏழு. வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து 34 மணித்தியாலம். வீட்டாருக்கு இந்த எண்ணைச் சொல்லுங்கள், விமானம் இறங்கும் நேரத்தை அல்ல. அதற்கு முன் கடவுச்சீட்டின் காலாவதித் திகதியை ஒருக்கால் பாருங்கள்.