பொதுப்பணமும் பொறுப்பாளர்களும்

ஆண்டுப் பொதுக்கூட்டம் என்றால் நம்மவரில் பலருக்கு இறுதியில் பரிமாறப்படும் உணவுதான் முதலில் நினைவுக்கு வருகின்றது. கணக்கறிக்கை வாசிக்கப்படும் வேளையில் பாதிப் பேர் மண்டபத்துக்கு வெளியே நின்று பேசிக்கொண்டிருப்பர். "முன்மொழிகிறேன்", "வழிமொழிகிறேன்" என்ற இரண்டு குரல்களோடு ஓராண்டுக் கணக்கு நிறைவேறிவிடும். அடியேனும் பல்லாண்டுகள் வழிமொழிந்தவனே. ஆகவே இக்கட்டுரையில் சுட்டப்படும் குறைகளில் ஒரு பங்கு எனக்கும் உண்டு.

வணிக நிறுவனத்தின் இயக்குநர் வாரியமாயினும், கூட்டுறவுச் சங்கத்தின் நிர்வாகமாயினும், ஆலயக் குழுவாயினும் அடிப்படை ஒன்றே. பணம் கொடுத்தவர் ஒருவர். அதைப் பற்றி முடிவெடுப்பவர் வேறொருவர். கொடுத்தவர் அந்த அறைக்குள் இருப்பதில்லை. அவர் இல்லாத இடத்தில் அவருக்காகக் கேள்வி கேட்பவர் யார் என்பதே நல்ல நிர்வாகத்தின் முதற் கேள்வி.

இதனை விளங்கிக்கொள்ளச் சிலிபினிலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. நமக்கு வடக்கே இருக்கும் சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்தவர் துன் வீ. தி. சம்பந்தன். 1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் ரப்பர்த் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் இன்றும் வேதனையோடு சொல்வது அதைத்தான். வேலையோடு வீடும், தமிழ்ப்பள்ளியும், கோயிலும் கைவிட்டுப் போயின. அப்போதுதான், 1960இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர்களிடம் பங்குப்பணம் திரட்டப்பட்டது. பத்து வெள்ளி என்பது அன்று பால்மரம் வெட்டும் ஒருவருக்குச் சில நாள் கூலி. அந்தப் பணத்தில் 1961இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. தொடர்ந்து வேறு தோட்டங்களும் சேர்ந்தன.

தொழிலாளர்கள் சங்கத்தின் சட்டதிட்டங்களைப் படித்துப் பார்த்துவிட்டா பணம் கொடுத்தார்கள்? சம்பந்தனை நம்பிக் கொடுத்தார்கள். அந்த நம்பிக்கைக்குரியவராக அவர் வாழ்ந்தது நம் நல்லூழ். ஆனால் தலைவரின் நேர்மை மட்டுமே ஒரு சங்கத்தை ஆண்டுக்கணக்கில் காத்துவிடாது. 1979இல் அவர் மறைந்தார்; சங்கம் தொடர்ந்து நடந்தது. தனிமனிதரின் செல்வாக்குக்கு அப்பாற்பட்டதோர் அமைப்பு அங்கே இருந்தமையால்தான் அது இயன்றது. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே வாக்கு என்பது கூட்டுறவின் விதி.

விதி இருந்தும் வீழ்ந்தவை உண்டு. 1986இல் நான் இளம் ஆசிரியன். அவ்வாண்டு வைப்புப்பணம் பெற்றுவந்த 24 கூட்டுறவுச் சங்கங்களின் நடவடிக்கைகளை அரசு முடக்கியது. ஐந்து லட்சத்துக்கும் அதிகமானோரின் சேமிப்பு சிக்கிக்கொண்டது. பெரும்பாலும் சீனச் சமூகத்துச் சிறு சேமிப்பாளர்கள். பின்னர் நாடாளுமன்றத்தில் வெள்ளை அறிக்கை வைக்கப்பட்டது. இயக்குநர்கள் தங்களுக்கும் தங்களோடு தொடர்புடைய நிறுவனங்களுக்கும் கடன் கொடுத்துக்கொண்டதும், நிலத்திலும் பங்குகளிலும் துணிந்து பணத்தைப் போட்டதும் வெளிச்சத்துக்கு வந்தன. ஆசிரியர் அறையில் ஒரு நண்பர் தம் சேமிப்புப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பேசாமல் அமர்ந்திருந்தது இன்னும் கண்முன் நிற்கின்றது.

நம் சமூகத்தில் மைக்கா ஹோல்டிங்ஸ் நிறுவனத்தை நினைக்காதவர் இல்லை. 1980களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 66,000 இந்தியர்கள் சேர்ந்து பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் மூலதனம் திரட்டிக் கொடுத்தனர். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்களும் உண்டு. 1990இல் டெலிகோம் பங்குகளில் ஒரு கோடி அதற்கென ஒதுக்கப்பட்டது; மைக்கா பெற்றதோ பத்து லட்சம். மீதி வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போயிற்று. ஊழல் தடுப்பு நிறுவனம் விசாரித்தது. எவர் மீதும் வழக்குத் தொடுக்கப்படவில்லை. ஆதலால் குற்றம் யாருடையது என்று நான் இங்கே எழுதவில்லை. என் கேள்வி சிறியது. பங்குதாரர்களுக்கு இச்செய்தி 1992இல்தான், அதுவும் பத்திரிகைகள் வாயிலாகத் தெரிய வந்தது. இடைப்பட்ட காலத்தில் அதை அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டியவர் யார்? 2010இல் பங்கு ஒன்றுக்கு 80 சென் கொடுத்து வாங்க ஒருவர் முன்வந்தபோது, விட்டால் போதும் என்று விற்றவர்களே மிகுதி.

இத்தகைய அனுபவங்களுக்குப் பிறகே நாட்டில் நெறிமுறைகள் இறுகின. 1993ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின்படி, வாரியத்தில் இல்லாத உறுப்பினர்களைக் கொண்ட உள் தணிக்கைக் குழு ஒன்று இருக்க வேண்டும். செலவு செய்பவரே தம் செலவைச் சரிபார்க்கக் கூடாது என்பதே அதன் உட்பொருள். 1997இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின், 2000இல், பெரு நிறுவனங்களுக்கான ஆளுகை நெறிமுறை வந்தது. பல முறை திருத்தவும்பட்டது. வாரியத் தலைவரும் தலைமை நிர்வாகியும் ஒருவராக இருத்தலாகாது, தன்னிச்சை இயக்குநர் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் அப்பொறுப்பில் நீடிப்பது உகந்ததன்று என்றெல்லாம் அது வலியுறுத்துகின்றது. ஒன்பது ஆண்டு என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் சங்கங்களில் ஒன்பது ஆண்டு இருந்தவர் புதியவர்!

இருபத்தைந்து ஆண்டு ஒரே நாற்காலியில் இருந்தவர் கெட்டவர் என்பதன்று. அவரிடம் "ஏன்?" என்று கேட்கக் கூடியவர்கள் ஒவ்வொருவராய்க் குறைந்துவிடுகின்றனர், தீங்கு அங்கேதான். இன்னொன்று, சொந்த நலனை வெளிப்படுத்துதல். தம் உறவினருக்குப் போகும் ஒப்பந்தம் பேசப்படும்போது, உறுப்பினர் அதை வாய்விட்டுச் சொல்லி, எழுந்து வெளியே போய்விட வேண்டும். அவர் போனதும் குறிப்பேட்டில் எழுதப்பட வேண்டும். இதற்குப் பணம் செலவில்லை, துணிவுதான் செலவு.

அந்தத் துணிவு எனக்கு இல்லாத நாள் ஒன்று உண்டு. முன்பு நான் செயலாளராக இருந்த ஒரு சங்கத்தில், கட்டடக் கூரை மாற்றும் வேலை உறுப்பினர் ஒருவரின் மைத்துனருக்குக் கொடுக்கப்பட்டது. அறையிலிருந்த எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லவில்லை. "ஒருமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று அழகிய கையெழுத்தில் எழுதியவன் நான். பொதுக்கூட்டத்தில், தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற ஓர் அம்மையார் பின்வரிசையிலிருந்து எழுந்தார். "வாத்தியாரய்யா, மூணு பேருகிட்ட வெல கேட்டீங்களா?" என்றார். "குழு முடிவு செய்ததம்மா, உட்காருங்கள்" என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் ஆண்டு கூரை ஒழுகியது. அவரோ அதற்குள் காலமாகிவிட்டார்.

சங்கச் சட்டத்தின்படி பதிவு பெற்ற அமைப்புகள், பொதுக்கூட்டம் முடிந்த 60 நாட்களுக்குள் கணக்கையும் பொறுப்பாளர் பட்டியலையும் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பி விடுகின்றோம். ஆனால் பதிவிலாகா அதிகாரி, மூன்று பேரிடம் விலை கேட்டீர்களா என்று கேட்க மாட்டார். அதை நன்கொடையாளர்தாம் கேட்க வேண்டும்.

இவ்வாண்டுப் பொதுக்கூட்டத்தின்போது குறிப்பேடும், விலைப்பட்டியல் கோப்பும், ரசீதுகளும் வாசலருகே மேசைமீது திறந்து வைக்கப்பட வேண்டுமெனக் குழுவில் கேட்டிருக்கின்றேன். உணவுக்குமுன் ஒரு கால்மணி நேரம் ஒதுக்கி வாருங்கள். மூக்குக்கண்ணாடியையும் மறவாமல் கொண்டு வாருங்கள். எங்கள் பொருளாளரின் எழுத்து மிகவும் பொடி.