பின்னணி நீங்கிய படம்

வெளிமாநிலங்களில் வாழும் நம் இல்லங்களிலிருந்து பொங்கல் வாழ்த்தும், மணவிழா அழைப்பும், மறைந்த பெரியோர்க்கு நினைவஞ்சலியும் இன்று வலைப்பக்கங்களாகவே உறவினரைச் சென்றடைகின்றன. அவற்றில் ஒரு குறை அடிக்கடி கண்ணை உறுத்துகின்றது. மஞ்சள் நிறப் பக்கத்தின் நடுவே பெரியவரின் உருவம் வெள்ளைக் கட்டம் ஒன்றினுள் அகப்பட்டு நிற்கின்றது. அக்கட்டத்தை நீக்குவது எங்ஙனம்?

கணினியில் உள்ள படம் நாற்கோண வடிவினது. உருவத்தைச் சுற்றியுள்ள வெளியும் படத்தின் பகுதியே. வெள்ளை என்பது ஒரு நிறம். அது வெறுமை அன்று. ஆதலின், எப்புள்ளிகள் மறைந்து அடியிலுள்ள பக்கத்தைக் காட்டவேண்டும் என்பதைப் படக்கோப்பிலேயே குறித்து வைத்தல் வேண்டும்.

கம்ப்யூசர்வ் நிறுவனம் 1987-ல் வெளியிட்ட 'ஜிஃப்' என்னும் கோப்பு முறை, 1989-ல் திருத்தப்பட்டபோது இதற்கு ஒரு வழி கண்டது. 256 நிறங்களுக்கு மேற்படாத அதன் நிறப்பட்டியலில் ஒன்றை 'மறையும் நிறம்' எனக் குறிக்கலாம். ஆயின், ஒரு புள்ளி முழுதும் தெரியும், அன்றேல் முழுதும் மறையும், இடைநிலை இல்லை. கத்தரிக்கோலால் வெட்டிய காகிதம் போல் ஓரங்கள் கரடுமுரடாய் நிற்கும்.

1996-ல் வெளிவந்த 'பி.என்.ஜி.' முறை இக்குறையைத் தீர்த்தது. இதில் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தோடு 'ஆல்ஃபா' என்னும் மற்றோர் எண்ணும் உண்டு. 0 எனில் புள்ளி மறையும். 255 எனில் முழுதும் தெரியும். 128 எனில் அடியிலுள்ள நிறம் ஏறக்குறையப் பாதி தெரியும். மல் துணியின் ஊடே காண்பது போன்றது இது. தலைமயிரின் மெல்லிய ஓரமும் இதனால் பக்கத்தோடு இயல்பாய்க் கலந்துவிடும். ஒளிப்படங்களுக்குப் பெரிதும் வழங்கும் 'ஜேபெக்' முறையிலோ இவ்வசதி அறவே இல்லை.

இதனை நான் அறிந்தது பட்டறிவால். என் தந்தையாரின் முதலாண்டு நினைவுநாளுக்குப் பக்கம் அமைக்க முனைந்தேன். வெள்ளைச் சுவரின்முன் வெள்ளை வேட்டியும் துண்டும் அணிந்து அவர் நிற்கும் படம் ஒன்றே கைவசம் இருந்தது. 'வெள்ளையை நீக்குக' எனக் கணினியைப் பணித்தேன். சுவர் போயிற்று; உடன் வேட்டியும் போயிற்று; நெற்றித் திருநீறும் போயிற்று! கணினி நிறத்தை அறியும், தந்தையை அறியுமோ? அதனினும் பெரும்பிழை, அதனை ஜேபெக்காக மூலப்படத்தின் மேலேயே சேமித்துவிட்டேன். மறைந்த இடமெல்லாம் மீண்டும் வெறும் வெள்ளையாயிற்று. வேட்டியின் மடிப்புகள் திரும்பவில்லை. 'அப்பாவின் திருநீறு எங்கேடா?' என்று அம்மா கேட்டபோது நாணித் தலைகுனிந்தேன். நல்லவேளையாக, மதுரையில் தங்கை வீட்டுப் பூசையறையில் அதன் காகிதப்படி இருந்தது. அதனை நகலெடுத்து அனுப்பினாள்.

இம்முறை செய்தது இது. மூலத்தைத் தொடாது, படியெடுத்து அதன்மேல் வேலை தொடங்கினேன். விலையின்றிக் கிடைக்கும் 'கிம்ப்' செயலியில் படத்தைத் திறந்து, முதலில் ஆல்ஃபாவைச் சேர்த்தேன். நிறத்தை நம்பாது, உருவத்தின் ஓரத்தைக் கையாலேயே பொறுமையாக வரைந்து தேர்ந்து, ஓரத்தை ஓரிரு புள்ளி அளவு மென்மையாக்கி, வெளிப்புறத்தை மட்டும் நீக்கினேன். நீங்கிய இடத்தில் சதுரங்கப் பலகை போன்ற கட்டங்கள் தோன்றின. அவை வெறுமையின் அடையாளமேயன்றிப் படத்தின் பகுதி அல்ல. பின்னர், அடியில் கருநிறமும் இளநிறமும் மாற்றி மாற்றி இட்டுப் பார்த்தேன். சுவரின் வெள்ளை ஓரத்தில் எங்கேனும் ஒட்டியிருப்பின் கருநிறத்தின்மேல் பளிச்செனத் தெரிந்துவிடும். இறுதியில் பி.என்.ஜி.யாக ஏற்றுமதி செய்தேன்.

இக்காலத்தில் நொடிப்பொழுதில் பின்னணியை நீக்கும் கருவிகளும் உண்டு. அவற்றைப் பயன்படுத்தினும், வெளுத்த ஆடையையும் நரைத்த தலையையும் ஒருமுறை உற்றுநோக்குக. மூலப்படத்தை இரண்டு இடங்களிலேனும் காத்து வைக்குக.

நினைவுநாளன்று மஞ்சள் பக்கத்தில் தந்தையார் கட்டம் ஏதுமின்றி நின்றார். அம்மா நெடுநேரம் நோக்கியிருந்து, "வேட்டி மடிப்புக்கூடத் தெரிகிறதே" என்றார்.